எந்தப் பிரிவை எடுப்பது?
முடிவெடுக்காத மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

ஐதராபாத் மெட்ரோவின் மியாப்பூர் வழித்தடத்தில் குகட்பள்ளியைச் சுற்றியுள்ள நிலையங்களுள் ஒன்று, ஒரு கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது: ஜே.என்.டி.யூ. கல்லூரி நிலையம். 1972இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. தெலங்கானாவின் பொறியியல் நுழைவுத் தேர்வை நடத்துவதும் இப்பல்கலைக்கழகமே. ஆகவே, சேர்க்கைக் காலத்தில் இவ்வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரே கேள்வி ஒலிக்கிறது: "எந்தப் பிரிவை எடுப்பது?" ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

கல்விக் கடன் நாடி வரும் பெற்றோருக்கு அருகில், ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று சொல்லவே அவர்கள் தயங்குகிறார்கள். முடிவு தோன்றாமல் இருப்பது குற்றமன்று. பதினேழு வயதில் ஒருவர் படித்தவை பள்ளிப் பாடங்கள் மட்டுமே. கட்டடவியலையோ புள்ளியியலையோ அவர் தொட்டுப் பார்த்ததில்லை. முடிவெடுக்க இயலும் காலத்தில் கேளாமல் இருந்துவிட்டு, வாசல் அடைத்த பின் கேட்பதே இழப்பைத் தருகிறது. எந்த வாசல் எப்போது அடைபடும் என்பதை அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

முதல் வாசல்: விருப்பப் பட்டியல்

பொறியியல் சேர்க்கையில் மாணவர் தம் விருப்பங்களை இணையத்தில் வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார். ஒவ்வொரு வரியிலும் ஒரு கல்லூரியும் ஒரு பிரிவும் இணைந்திருக்கும். குறித்த நாளில் பட்டியல் உறுதியாகி, தரவரிசைப்படி இடம் ஒதுக்கப்படுகிறது. அண்டை வீட்டார் பட்டியலைப் பார்த்து எழுதிய நாற்பதாவது வரியும் உண்மையான வரியே. அந்த இடமும் கிடைக்கக்கூடும். படிக்க மனம் ஒப்பாத பிரிவைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நலம்.

"முதலில் சேர்வோம், பிறகு மாற்றிக்கொள்வோம்" என்னும் நம்பிக்கை பலரிடம் உள்ளது. ஜே.என்.டி.யூ.வின் 2018ஆம் ஆண்டு பி.டெக். விதிமுறைகள் இதற்கு இடம் தரவில்லை: சேர்க்கை முடிந்த பின் பிரிவு மாற்றம் இல்லை என்று அவை தெளிவாகவே கூறுகின்றன. தம் பிள்ளை சேரும் ஆண்டுக்குரிய விதிமுறையில் இப்பகுதியை, கட்டணம் செலுத்துமுன் ஒருமுறை படித்துவிடுவது பெற்றோரின் கடமை.

சேர்ந்த பின்னும் திறந்திருக்கும் சாளரங்கள்

வாசல் அடைபட்டாலும் சாளரங்கள் உண்டு. பிற துறைகள் வழங்கும் திறந்தநிலை விருப்பப் பாடங்கள் ஒன்று. துணைப் பட்டம் மற்றொன்று. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தின்படி பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட். அதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் வரை பயின்றால் இன்னொரு துறையில் துணைத் தகுதி பெறலாம். இயந்திரவியல் மாணவர் கணினித் துறையை நெருங்க இது ஒரு நேர்வழி. சேரும் கல்லூரி இதனை வழங்குகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

கலை, அறிவியல், வணிகவியல் மாணவருக்கு இடம் சற்றுத் தாராளம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைக் கட்டமைப்பு, முதலாண்டில் பல துறைகளை அறிமுகம் செய்துகொண்டு, இரண்டாம் பருவத்தின் முடிவில் முதன்மைத் துறையை உறுதி செய்யவோ மாற்றக் கோரவோ வழிவகுக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்பது அதன் அளவு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே விதமாக இதனை நடைமுறைப்படுத்துவதில்லை. சேருமுன் வினவ வேண்டிய செய்தி இது.

கிரெடிட் என்றதும் நம் வாடிக்கையாளர் கடனை நினைக்கக்கூடும். இங்கே அது உழைப்பின் அளவு. வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுதும் நடந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் வாரம் இரண்டு மணி நேரம். 2021இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில் இவை மாணவர் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. பொதுவாக ஏழாண்டு வரை செல்லுபடியாகும். துறையோ கல்லூரியோ மாற நேர்ந்தால், முன்பு ஈட்டியவற்றுள் புதிய கல்லூரி ஏற்பவை வீணாகா. சேமிப்புக் கணக்கின் இயல்பை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

யாரிடம் கேட்பது?

பாடத் தேர்வு பெருகும்போது வழிகாட்டியின் தேவையும் பெருகும். அமெரிக்காவின் ஹார்வர்டில் 1869இல் தலைமை ஏற்ற சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து மாணவரே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். அவர் காலத்திலேயே, 1889இல், முதலாண்டு மாணவர்க்கென ஆலோசகர் குழுவொன்றும் அங்கே அமைந்தது. தெரிவு செய்யும் உரிமையைத் தந்தவர்கள், அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

குகட்பள்ளியிலும் அப்பொறுப்பு எழுத்தில் இருக்கிறது. மேற்சொன்ன அதே 2018 விதிமுறைகள், இருபது மாணவர் கொண்ட குழுவுக்கு ஓர் ஆலோசக ஆசிரியரை நியமிக்கச் சொல்கின்றன. பாட அமைப்பு, விருப்பப் பாடங்கள், மாணவரின் திறமை, முன்னேற்றம், ஆர்வம் ஆகியவற்றைக் கருதி அறிவுரை கூறுவது அவர் பணி. தமக்கு அப்படி ஒருவர் உண்டு என்பதையே அறியாத மாணவர், அண்ணன்மார் சொல்வதையும் கைப்பேசியில் வருவதையும் நம்பி முடிவெடுக்கிறார். முதல் மாதத்திலேயே அவர் பெயரைக் கேட்டறிந்து நேரில் சந்திப்பது நன்று. "நான் என்ன படிக்கட்டும்?" என்று கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். கீழ்க்காணும் கேள்விகள் பயன் தரும்:

1. இப்பிரிவின் மூன்றாம் ஆண்டுப் பாடநூல் ஒன்றையும் ஆய்வுக்கூடத்தையும் நான் பார்க்கலாமா?
2. முதலாண்டில் எந்தப் பாடம் எனக்குக் கடினமானால் இத்துறை எனக்கு ஒவ்வாது என்று பொருள்?
3. துணைப் பட்டத்துக்கு எப்பருவத்தில் பதிய வேண்டும்? அதற்குரிய தகுதி என்ன?
4. இத்துறையில் பயின்றவர்கள் கணினிப் பணியன்றி வேறு எங்கெல்லாம் சேர்ந்துள்ளனர்?

கணக்கும் ஒரு கருத்துச் சொல்லும்

ஒரு துறையில் ஓராண்டு படித்து, அதை விட்டுவிட்டு வேறொன்றில் முதலிலிருந்து தொடங்குவதன் விலை என்ன? எளிய எடுத்துக்காட்டு ஒன்று. ஆண்டுக்கு ₹1,50,000 வீதம் நான்காண்டுக்கு ₹6,00,000 கடன். வட்டி 10 விழுக்காடு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. அதுவரை தனிவட்டி எனக் கொள்வோம். முதல் தொகைக்கு ஐந்தாண்டு, அடுத்தவற்றுக்கு நான்கு, மூன்று, இரண்டாண்டு என வட்டி ₹2,10,000 சேரும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் நிலுவை ₹8,10,000.

ஓராண்டு கூடினால் ஐந்து தொகைகள், வட்டி ₹3,00,000, நிலுவை ₹10,50,000. வேறுபாடு ₹2,40,000. இதனுடன் ஓராண்டு ஊதியமும் தள்ளிப்போகிறது. கல்விக் கடன் குறிப்பிட்ட கல்லூரிக்கும் படிப்புக்கும் ஒப்புதல் பெறுவதால், மாறுமுன் வங்கியின் சம்மதமும் வேண்டும். கூடுதல் ஆண்டுக்குக் கடன் நீட்டிக்கப்படாவிட்டால், அத்தொகை குடும்பச் சேமிப்பிலிருந்தே வர வேண்டியிருக்கும்.

இக்கணக்கைப் பிள்ளையை அச்சுறுத்தப் பயன்படுத்த வேண்டாம். மனம் ஒட்டாத துறையில் தேர்ச்சி பெறாமல் இரண்டு மூன்று ஆண்டுகள் நலிவதைவிட, முதலாண்டிலேயே தெளிந்து மாறுவது குறைந்த செலவே. தொகை தெரிந்திருந்தால் பெற்றோரும் பிள்ளையும் சினமின்றிப் பேச முடியும். மாற்றம் தேவையென்றால் அதை முன்னதாகவே திட்டமிடவும் முடியும்.

விருப்பப் பட்டியலை உறுதி செய்யும் நாளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஏன்?" என்று பிள்ளையே எழுதட்டும். காரணம் எழுத முடியாத வரிகளை நீக்கிவிடுங்கள். எஞ்சியவற்றின் கட்டண விவரத்துடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். கடன் அவர் பெயரிலும் இருக்கும். ஆகவே அவரும் பேசட்டும்.