சேவை விவரணமும் வலைச் சேவையும்

ஒரு நூலைக் கற்கப் புகுவோன் முதற்கண் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. ஆக்கியோன் யார், நூலின் பெயர் யாது, அது நுதலிய பொருள் யாது, கேட்டற்கு உரியர் யாவர், கேட்டலாற் பெறும் பயன் யாது என்பவற்றைச் சிறப்புப் பாயிரம் முன்னரே உணர்த்திவிடும். இக்காலக் கணினி உலகிலும் இதனையொத்த ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு கணினி பிறிதொரு கணினிக்கு வலையின் வழியாகச் செய்யும் உதவி வலைச் சேவை எனப்படும். அதன் பாயிரமாய் அமைவது சேவை விவரணக் கோப்பு. அக்கோப்பைப் படித்துச் சேவையை நுகருமாறும், அக்கோப்பைக் கொண்டு சேவையை ஆக்குமாறும் ஈண்டு முறையே கூறப்படும். தமிழாசிரியனுக்கு இதிற் பணி யாது என வினவுவார்க்கு விடை கட்டுரையின் பிற்பகுதியிற் கிடைக்கும்.

வலைச் சேவை

ஒரு கல்லூரி நூலகம் தன் நூற்பட்டியலைக் கணினியில் வைத்திருக்கின்றது என்று கொள்வோம். மனிதர் திரையிற் பார்ப்பதற்கு ஒரு பக்கம் போதும். ஆனால், மற்றொரு நூலகத்தின் கணினி அப்பட்டியலைத் தானே கேட்டுப் பெறல் வேண்டுமாயின், திரையின் அழகு அதற்குப் பயன்படாது. எந்த முகவரிக்குக் கேள்வியை அனுப்புவது, கேள்வியில் எவை இருத்தல் வேண்டும், விடை எவ்வடிவில் வரும், பிழை நேரின் எவ்வாறு அறிவிக்கப்படும் என்னும் நான்கும் ஐயமறத் தெரிதல் வேண்டும். மனிதன் குறிப்பால் உணர்வான். கணினி அங்ஙனம் உணராது. ஆகவே இந்நான்கையும் கணினியே படித்தறியக்கூடிய முறையில் எழுதி வைத்தல் இன்றியமையாததாயிற்று.

விவரணத்தின் வரலாறு

எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி 1998 ஆம் ஆண்டு வெளியாயிற்று. அம்மொழியிற் செய்திகளை உறையிலிட்டு அனுப்பும் சோப் என்னும் முறையின் 1.1 ஆம் பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வந்தது. சேவையை விவரிக்கும் மொழியாகிய டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 ஐ அரிபா, ஐ.பி.எம்., மைக்கிரோசொவ்ற் என்னும் மூன்று நிறுவனங்கள் உலக வலைக் கூட்டமைப்புக்குச் சமர்ப்பிக்க, அக்கூட்டமைப்பு 2001 மார்ச்சு மாதத்தில் அதனை ஒரு குறிப்பாக வெளியிட்டது. அதன் 2.0 ஆம் பதிப்பு 2007 சூன் மாதத்தில் முறையான பரிந்துரையாயிற்று. எனினும் பெருவழக்காக நிலைத்தது 1.1 ஆம் பதிப்பே.

இம்மொழியை ஆக்கியோருள் ஒருவர் நம் நாட்டவர் என்பது பலர் அறியாத செய்தி. அப்போது ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பகுதியிற் பணியாற்றிய கலாநிதி சஞ்சீவ வீரவரண 1.1 ஆம் பதிப்பின் ஆசிரியர் நால்வருள் ஒருவர். பின்னர் இலங்கைக்கு மீண்டு, 2005 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தை நிறுவியோருள்ளும் ஒருவரானார். வலைச் சேவைகளை நுகரவும் ஆக்கவும் உதவும் அப்பாச்சி அக்சிஸ் 2 என்னும் கட்டற்ற மென்பொருளின் ஆக்கத்திலும் இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டனர். அதன் 1.0 ஆம் பதிப்பு 2006 இல் வெளியாயிற்று. இத்துறை நமக்கு எட்டாதது என்று நம் மாணாக்கர் அஞ்சற்க.

விவரணத்தின் ஐந்துறுப்புக்கள்

டபிள்யூ.எஸ்.டி.எல். 1.1 கோப்பு ஐந்து உறுப்புக்களை உடையது.

முதலாவது, வகைகள். நூல் என்பது தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு என்னும் மூன்றும் உடையது; தலைப்பு எழுத்துத் தொடர், ஆண்டு முழுவெண் என்று இவ்வுறுப்புக் கூறும்.

இரண்டாவது, செய்திகள். தேடற் கேள்வியிற் செல்வது எது, விடையில் வருவது எது என்று இது கூறும்.

மூன்றாவது, வாயில்வகை. நூலைத் தேடுதல், இரவல் பதிதல் முதலிய செயல்களைத் தொகுத்து, ஒவ்வொன்றற்கும் உட்செல்வது இச்செய்தி, வெளிவருவது இச்செய்தி, பிழையாயின் வருவது இச்செய்தி என்று இது இணைக்கும்.

நான்காவது, பிணைப்பு. அச்செயல்கள் எந்நெறியில் நிகழும், செய்தி எவ்வாறு உறையிடப்படும் என்பதை இது உரைக்கும். சோப் உறையிட்டு எச்.ரீ.ரீ.பி. நெறியில் அனுப்புக என்பது பெரும்பான்மை வழக்கு.

ஐந்தாவது, சேவை. இத்தனையும் நிகழும் முகவரி இது என்று சுட்டி முடிப்பது இதன் தொழில்.

இவற்றுள் முதல் மூன்றும் ‘என்ன’ என்பதற்கு விடை. நான்காவது ‘எவ்வாறு’ என்பதற்கு விடை. ஐந்தாவது ‘எங்கே’ என்பதற்கு விடை. இப்பகுப்பை மனத்திற் கொண்டாருக்கு எத்துணை நீண்ட கோப்பும் மயக்கந் தராது. படிக்கும்போது கோப்பின் இறுதியினின்று தொடங்குதல் எளிது. சேவையிலிருந்து பிணைப்பிற்கும், பிணைப்பிலிருந்து வாயில்வகைக்கும், அதிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து வகைக்கும் படிப்படியாய்ப் பின்னோக்கிச் செல்க. ஒன்று மற்றொன்றைப் பெயரால் அழைப்பதைக் காணலாம்.

நுகருமாறு

சேவையை நுகர விரும்புவோன் முதலில் விவரணக் கோப்பைப் பெறுவான். அதனை ஒரு கருவியிடம் கொடுப்பான். அக்சிஸ் 2 இல் விவரணத்தை ஜாவா நிரலாக மாற்றும் கருவி உண்டு. மைக்கிரோசொவ்ற்றின் டொட்நெற் தளத்திலும் இத்தகைய கருவிகள் உள. கருவி விவரணத்தைப் படித்து ஒரு முகவர் நிரலை எழுதித் தரும். நுகர்வோன் அம்முகவரை நோக்கி, ‘இத்தலைப்புள்ள நூலைத் தேடு’ என்று தன் கணினியில் உள்ளதொரு செயலை ஏவுவது போலவே ஏவுவான். உறையிடுதல், அனுப்புதல், விடையைப் பிரித்தல் யாவும் முகவரின் தொழில்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உள. ஒன்று, கருவி எழுதிய நிரலைக் கையால் திருத்தற்க. விவரணம் மாறி மீண்டும் கருவியை இயக்குங்கால் அத்திருத்தம் அழிந்துபோம். இரண்டு, முகவர் அருகில் இருப்பது போலத் தோன்றினும் சேவை தொலைவில் உள்ளது. விடை தாழ்த்து வரலாம், வாராமலும் போகலாம். எத்துணை நேரம் காத்திருப்பது, வாராவிடின் யாது செய்வது என்பதை முன்னரே முடிவு செய்க. மூன்று, விவரணம் வடிவத்தைக் கூறுமேயன்றிக் கருத்தை முற்றக் கூறாது. ‘புள்ளி ஒரு முழுவெண்’ என்று கோப்பிற் கண்டால், அது நூற்றுக்கா ஐம்பதுக்கா என்பது அதனால் விளங்காது. ஆதலின் கோப்பினுள் மனிதர்க்கென எழுதப்பட்ட விளக்கக் குறிப்பையும் படித்தல் கடன்.

ஆக்குமாறு

சேவையை ஆக்குதற்கு இரு நெறிகள் உள. நிரலை முதலில் எழுதி, அதிலிருந்து விவரணத்தைக் கருவியாற் பெறுதல் ஒன்று. விவரணத்தை முதலில் எழுதி, அதிலிருந்து வெற்றுக்கூடாகிய நிரலைப் பெற்று, உள்ளீட்டை நிரப்புதல் மற்றொன்று.

முன்னையது, இலக்கியம் முந்த இலக்கணம் பிந்தும் முறையை ஒத்தது. அது விரைவுடையது, ஏற்கெனவே இயங்கும் நிரலைச் சேவையாக்குதற்குப் பொருந்துவது. ஆயினும் ஓர் இடர் உண்டு. ஆக்கியோன் தன் வசதிக்காக நிரலில் ஒரு பெயரை மாற்றினால், விவரணமும் அவன் அறியாமலே மாறிவிடும். அதனை நம்பியிருந்த நுகர்வோர் காரணந் தெரியாது திகைப்பர்.

பின்னையது, வீடு கட்டுமுன் படம் வரைதலை ஒத்தது. ஆக்குவோனும் நுகர்வோனும் ஒருங்கிருந்து விவரணத்தை முடிவு செய்தபின், இருவரும் ஒரே காலத்தில் தத்தம் பணியைத் தொடங்கலாம். சேவை முடியுமுன்னரே, விவரணத்தைக் கொண்டு போலிச் சேவையொன்றை அமைத்து நுகர்வோன் தன் பகுதியைச் சோதித்துக்கொள்ளலாம். பலர் கூடி ஆற்றும் பணிகளுக்கும் நெடுங்காலம் நிலைக்கவேண்டிய சேவைகளுக்கும் இதுவே தக்கது.

பிற்கால விவரணம்

சோப் முறையின் உறைகள் பாரமுடையன எனக் கருதிய பலர், ஜேசன் வடிவில் எளிய செய்திகளை எச்.ரீ.ரீ.பி. நெறியில் நேரே அனுப்பும் முறையைக் கைக்கொண்டனர். அம்முறைக்கு உரிய விவரணமாகச் சுவாகர் எழுந்தது. 2015 ஆம் ஆண்டு இறுதியில் அது லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அமைந்த ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டு, ஓப்பன் ஏ.பி.ஐ. எனப் பெயர் பெற்றது. அதன் 3.0 ஆம் பதிப்பு 2017 இலும், 3.1 ஆம் பதிப்பு 2021 இலும் வெளியாயின. இதில் முகவரி, பாதைகள், ஒவ்வொரு பாதையிலும் நிகழும் செயல்கள், அவற்றிற்கு வேண்டிய உள்ளீடுகள், விடைகள், பொருள்வடிவங்கள் என்பன கூறப்படும். விடை 200 என்னும் எண்ணுடன் வரின் நிறைவு; 404 எனின் தேடியது இல்லை. பெயர்கள் மாறினும், என்ன, எவ்வாறு, எங்கே என்னும் மூன்று வினாக்களும் மாறவில்லை.

தமிழ்ப் பெயர் படும் பாடு

இனித் தமிழாசிரியனுக்கு உரிய பகுதிக்கு வருவோம். விவரணத்தில் ‘பெயர் 15 குறிகளுக்கு மேற்படாது’ என்று ஒருவர் எழுதுகின்றார் என்க. சிவசுப்பிரமணியம் என்னும் பெயரில் நாம் எண்ணும் எழுத்துக்கள் பத்து. ஆனால் ஒருங்குறி முறையில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாம். ‘சி’ என்பது இரண்டு. ‘ப்’ என்பது இரண்டு. ‘வ’ மாத்திரம் ஒன்று. இவ்வாறு எண்ணின் அப்பெயர் 16 குறிகளாகும். எக்ஸ்.எம்.எல். வரைமுறையும் ஜேசன் வரைமுறையும் நீளத்தை இக்குறிகளாலேயே அளப்பன. எனவே பத்தெழுத்துப் பெயர் 15 என்னும் எல்லையைக் கடந்து, ‘தவறான உள்ளீடு’ எனத் தள்ளப்படும். யூ.ரீ.எவ்.-8 என்னும் முறையிற் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைற்றுக்கள் வேண்டும். அதனால் அப்பெயர் 48 பைற்றுக்களைக் கொள்ளும். களஞ்சியம் பைற்றுக்களை எண்ணுவதாயின் பெயர் அங்கேயும் இடம் பெறாது.

இன்னொன்று கூறுவல். ‘பொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வடிவை ஒழுங்குபடுத்தாது ஒப்பிடும் சேவையோ அவற்றை வெவ்வேறெனக் கொண்டு, பொன்னம்பலம் என்பார் பதிவிலே இல்லை என்று விடை தரும்.

மூன்றாவது, குடும்பப் பெயர். நம்மவர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே வழக்கு. விவரணம் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின், அஃதில்லாதவன் தந்தை பெயரை அங்கே இட்டு நிரப்புகின்றான். அதன்பின் ஏடுகளெல்லாம் அவனைத் தந்தை பெயராலேயே அழைக்கின்றன. இக்கட்டாயம் சில வேளைகளில் அறியாமலும் நேர்வது. எக்ஸ்.எம்.எல். வரைமுறையில் ஓர் உறுப்பு எத்தனை முறை வரும் என்று எழுதாது விட்டால், அது ஒருமுறை வந்தே தீரவேண்டும் என்பது விதி. ஓப்பன் ஏ.பி.ஐ.யில் இதற்கு மாறாக, கட்டாயப் பட்டியலிற் சேர்க்கப்படாதது விடுபடலாம். இவ்வேறுபாட்டை அறியாதவர் ஒரு விவரணத்தை மற்றொன்றாகப் பெயர்க்கும்போது, கூடாததைக் கட்டாயமாக்குவர், வேண்டியதை விட்டுவிடுவர்.

இவற்றிற்குப் பரிகாரம் அரிதன்று. முழுப்பெயரை ஒரே உறுப்பாக வைக்க. நீள எல்லையைத் தாராளமாக இடுக. வந்த எழுத்தை ஒரே ஒருங்குறி வடிவுக்குக் கொணர்ந்து சேமிக்க. சோதனைக்கு எடுக்கும் பெயர்களுள் நீண்ட தமிழ்ப் பெயர்களையும் சேர்க்க.

வாக்கும் மாற்றமும்

வெளியிடப்பட்ட விவரணம் கொடுக்கப்பட்ட வாக்கு. அதனை மாற்றவே கூடாது என்பதன்று. மாற்றும் முறை உண்டு. கட்டாயமல்லாத புதிய உறுப்பை உள்ளீட்டிற் சேர்த்தல் பொதுவாகத் தீங்கு தராது. பெயரை மாற்றல், உறுப்பை நீக்கல், கட்டாயமல்லாததைக் கட்டாயமாக்கல் என்னும் மூன்றும் பழைய நுகர்வோரை முறிக்கும். அவை வேண்டுமாயின் புதிய பதிப்பெண்ணுடன் புதிய விவரணத்தை வெளியிட்டு, பழையதையும் அறிவித்த காலம்வரை நடத்துதல் அறம். விவரணம் ஒன்று சொல்லச் சேவை வேறொன்று செய்யுமாயின், விவரணம் இல்லாமையினும் அது கொடிது; இல்லாத இடத்தில் மனிதன் ஐயுற்று விசாரிப்பான், பொய்யான இடத்தில் நம்பிக் கெடுவான்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று இத்துறையிற் பணியாற்றுகின்றனர். ஒரு விவரணத்தில் அவர்கள் இடும் ஓர் எண், முன்பின் அறியாத ஒருவனின் பெயர் முழுமையாக ஏட்டில் ஏறுவதையோ தள்ளப்படுவதையோ தீர்மானிக்கின்றது. ஆதலின், இக்கட்டுரையைப் படிக்கும் மாணாக்கர் தத்தம் பெயரை எடுத்து, எழுத்து எத்தனை, ஒருங்குறிக் குறி எத்தனை, பைற்று எத்தனை எனத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பாராக. பணியில் உள்ளோர் தாம் ஆக்கிய விவரணம் ஒன்றைத் திறந்து, அவ்வெண்கள் அங்கே இடம்பெறுமா என்று ஒருமுறை நோக்குவாராக.