எக்நாக்: பருகும் முன் ஒரு பாடம்



கிறிஸ்து பிறப்புப் பெருவிழா என்றதும் நம் நினைவுக்கு வருவன குடிலும், விண்மீனும், அச்சுமுறுக்கும், அதிரசமும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவ்விழாக் காலத்தில் அருந்தும் ஒரு பானம் உண்டு. அதன் பெயர் எக்நாக். பால், முட்டை, சர்க்கரை, சாதிக்காய் ஆகியவை சேர்ந்த கெட்டியான இனிப்புப் பால் அது.

இவ்வாண்டு திருவருகைக் காலத்தில் முதியோர் இல்லத்துப் பாட்டிமாரைக் காணச் செல்லும் வாய்ப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. எக்நாக் செய்து எடுத்துச் செல்வோம் என்றோம். எங்கள் மனையியல் ஆசிரியையான அருட்சகோதரி மூன்று கேள்விகள் கேட்டார்கள். "முட்டை வெந்திருக்குமா? யார் யார் இதைக் குடிக்கலாம்? எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?" ஒன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. "விடை கண்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்" என்றார்கள். நாங்கள் தேடிக் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பிறந்த கதை

இங்கிலாந்தில் இடைக்காலத்தில் 'பாசெட்' என்ற பானம் இருந்தது. சூடான பாலில் திராட்சை மதுவையோ பார்லி மதுவையோ ஊற்றி, மணப்பொருள் சேர்த்துச் செய்வார்கள். சளி, காய்ச்சலுக்கும் அதைக் கொடுத்தார்கள். எக்நாக் அதன் வழிவந்தது என்பர். 'நாக்' என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள் கூறப்படுகின்றன. நார்ஃபோக் பகுதியில் கடும் பார்லி மதுவுக்கு அப்பெயர் வழங்கியது என்பது ஒன்று. 'நாகின்' என்னும் சிறு கோப்பையிலிருந்து வந்தது என்பது மற்றொன்று.

18-ஆம் நூற்றாண்டில் இப்பானம் அமெரிக்கக் குடியேற்றங்களில் பரவியது. அங்கே பண்ணை வீடுகளில் பசுவும் கோழியும் இருந்தன. கரும்பிலிருந்து வடித்த ரம், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மலிவாக வந்தது. அந்த மது விளைவித்த கேடும் உண்டு. 1826-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி மாணவர்கள் தடையை மீறி மது கொண்டுவந்து எக்நாக்கில் கலந்து குடித்துக் கலகம் செய்தார்கள். சன்னல்கள் உடைந்தன, பலர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். 'எக்நாக் கலகம்' என்றே அதற்குப் பெயர்.

மெக்சிகோ நாட்டில் இதற்கு 'ரொம்போப்பே' என்றொரு தங்கை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் புவேப்லா நகரில் இருந்த புனித கிளாரா கன்னியர் மடத்துச் சகோதரிகளே அதை முதலில் செய்தார்கள் என்பது மரபு. அதிலும் மது உண்டு. ஆனால் பாலையும் மஞ்சள் கருவையும் அடுப்பில் காய்ச்சியே செய்கிறார்கள். மதுவை விட்டுவிட்டு, காய்ச்சும் முறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பச்சை முட்டை பலமா?

பழைய எக்நாக் முறைகள் பலவற்றில் முட்டை வேகுவதே இல்லை. அடித்துப் பாலில் கலப்பதோடு சரி. நம் வீடுகளிலும் மெலிந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. "வேகவைத்தால் சத்துப் போய்விடும்" என்று பெரியவர்கள் அன்பினால் சொல்வார்கள். உண்மை வேறு. 1998-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு அறிஞர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையிலோ 51 விழுக்காடே செரித்தது. மேலும், பச்சை வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்ற பொருள், பயோட்டின் என்னும் வைட்டமினை உடல் ஏற்காதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது.

இதனினும் பெரிய ஆபத்து சால்மோனெல்லா என்ற கிருமி. அது ஓட்டின் மேல் மட்டும் இருப்பதன்று. நோயுற்ற கோழியின் உடலிலேயே, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடக்கூடும். ஆகவே கழுவிய முட்டை, விரிசலில்லாத முட்டை என்று நம்பிவிட முடியாது. காய்ச்சல், வயிற்றுவலி, கழிச்சல் ஆகியவை உண்டாகும். நல்ல உடல்நிலை உள்ளவர் சில நாட்களில் தேறலாம். முதியோருக்கும், குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மது ஊற்றினால் கிருமி சாகும் என்று நம்பி இருப்பதும் தவறு. கலவை 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடையவேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை.

அருட்சகோதரியின் முதல் கேள்வியின் பொருள் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

தேவையான பொருட்கள் (8 சிறு தம்ளர்களுக்கு)

பால் 1 லிட்டர், முட்டையின் மஞ்சள் கரு 6, சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா எசன்ஸ் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி.

செய்முறை

பாலைக் காய்ச்சி இறக்கி ஐந்து நிமிடம் வைக்கவும். மஞ்சள் கருவோடு சர்க்கரையும் உப்பும் சேர்த்து, நிறம் வெளுக்கும் வரை அடிக்கவும். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக மஞ்சள் கருவில் ஊற்றி, கை ஓயாமல் கலக்கவும். பாதிப் பால் சேர்ந்தபின் எல்லாவற்றையும் பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் மரக்கரண்டியால் கிளறவும். கொதிக்க விடக்கூடாது. கரண்டியின் பின்புறத்தில் கலவை படிந்து, விரலால் கோடிட்டால் கோடு அழியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் 71 டிகிரியைத் தாண்டியதை உறுதி செய்துகொள்ளலாம். (ஆய்வுக்கூடத்து வெப்பமானியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது!) பிறகு வடிகட்டி, வெனிலாவும் சாதிக்காயும் சேர்க்கவும். சாதிக்காய் அளவுக்கு மிஞ்சினால் உடலுக்குத் தீங்கு.

முதல்முறை நாங்கள் அவசரப்பட்டுக் கொதிக்கும் பாலை ஒரேயடியாக ஊற்றினோம். கிடைத்தது எக்நாக் அன்று, இனிப்பு முட்டைப் பொரியல்! காரணம் இதுதான்: முட்டையின் புரதம் சுருட்டி வைத்த நூலுண்டை போன்றது. சூடு பட்டதும் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. மெல்லச் சூடேறினால் அந்தப் பின்னல் பாலைத் தாங்கிக் கெட்டியாக்கும். சூடு மிகுந்தால் பின்னல் இறுகி நீர் பிரிந்து, கட்டி கட்டியாகிவிடும். சர்க்கரை அப்பின்னலைத் தாமதப்படுத்துவதால் நமக்குத் துணை செய்கிறது.

மிஞ்சிய வெள்ளைக் கருவை வீணாக்க வேண்டாம். தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால்தான் ஆகிறது. விழாவுக்கு இன்னொரு பலகாரமும் ஆயிற்று.

பரிமாறும் முன்

இரண்டாம் கேள்வி, யார் குடிக்கலாம் என்பது. நீரிழிவு உள்ள பாட்டிமாருக்காக, இல்லத்துச் செவிலியரைக் கேட்டுச் சர்க்கரையின்றித் தனியாகக் காய்ச்சினோம். சர்க்கரை இல்லாததால் அது விரைவில் திரியும். தீயை இன்னும் குறைத்தோம். முட்டை ஒவ்வாதவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் ஏலக்காய்ப் பால் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் கேள்வி நேரத்தைப் பற்றியது. காய்ச்சிய எக்நாக்கை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வீட்டில் வைப்பதானால், பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். நாங்கள் சுடச்சுடப் பிளாஸ்கில் ஊற்றிச் சென்று ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டோம்.

ஒரு பாட்டி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "என் மகன் பரீட்சைக்குப் படிக்கும்போது தினமும் முட்டையைப் பச்சையா அடிச்சுக் கொடுப்பேன். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பான். இது நல்லா மணமா இருக்கு." தம்ளரைத் திருப்பித் தரும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் வருவீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

மூன்று கேள்விகளுக்கு விடை தேடிப் படித்துச் சென்ற நாங்கள், இந்த நான்காம் கேள்விக்கு ஆயத்தமாகச் செல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளி திரும்பும் வழியில் பேசி, மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். எக்நாக் விழாக்காலத்துக்கு மட்டுமே. மற்ற மாதங்களில் வெறுங்கையோடு போனாலும் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறோம்.

எல்லோருக்கும் எங்கள் கிறிஸ்து பிறப்பு நல்வாழ்த்துகள்!

— பத்தாம் வகுப்பு மாணவி