பாலறாவாயர் – ஒரு பெயரின் வரலாறு

தாம்பரம் மாநகராட்சியைச் சார்ந்த அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம், அனகாபுத்தூர் வழியாகச் சென்றால் குன்றத்தூரை அடையலாம். குன்றின்மேல் முருகப்பெருமானை வழிபடச் செல்லும் அன்பர் பலர், அடிவாரத்து ஊர் தெய்வச் சேக்கிழார் அவதரித்த தலம் என்பதை அறிவர். எனினும் ‘சேக்கிழார்’ என்பது அவருடைய இயற்பெயர் அன்று, குடிப்பெயர். கிழார் என்பது உரியவர் என்னும் பொருளது. சே என்பது எருது. உழவைப் போற்றிய வேளாண் மரபினர்க்கு இப்பெயர் பொருத்தமுடையதே. சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘சேக்கிழான்’ என்னும் அடையுடன் பலர் குறிக்கப்படுதலும் இது குடிப்பெயரே என்பதைத் தெளிவாக்கும்.

அவருடைய பிள்ளைத் திருநாமம் அருண்மொழித்தேவர். அருள், மொழி என்னும் இரு சொற்கள் புணருங்கால் ளகரம் ணகரமாகத் திரிந்தது. ‘அருண்’ என்பதைச் சூரியன் எனப் பொருள்கொள்வார் இக்காலத்தில் உளர், அது பிழை. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனுக்கும் இதுவே இயற்பெயர். 1014இல் மறைந்த அப்பேரரசனின் பெயர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்க் குழந்தை ஒன்றுக்கு வாய்த்தது.

இதனினும் அரியது தம்பியின் பெயர்: பாலறாவாயர். முதன்முறை கேட்போர் இதனை எங்ஙனம் பிரிப்பது என்று திகைப்பர். பால் + அறா + வாயர் என்று பிரித்தல் வேண்டும். அறா என்பது நீங்காத என்னும் பொருள் தரும் எதிர்மறைப் பெயரெச்சம். பால் நீங்காத வாயினை உடையவர் என்பது பொருள்.

பால்மணம் மாறாத மழலையைச் சுட்டும் செல்லப்பெயர் மட்டுமோ இது? அன்று. சீகாழியில் தீர்த்தக் கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமையம்மையார் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினார். நீராடிக் கரையேறிய தந்தையார் சிவபாத இருதயர், பிள்ளையின் வாயில் பால் வழிந்திருக்கக் கண்டு, அளித்தவர் யாவர் என வினவினார். பிள்ளை இறைவனைச் சுட்டிக்காட்டிப் பாடிற்று. அந்தப் பாலின் சுவடு நீங்காத திருவாயினர் திருஞானசம்பந்தர். ஆகவே பாலறாவாயர் என்பது அவர்க்குரிய திருநாமம். பெற்றோர் இளைய மகனுக்கு அதனையே சூட்டினர்.

அப்பெயரை நாள்தோறும் அழைத்து வளர்ந்த தமையனார், பின்னர்த் திருத்தொண்டர் புராணம் பாடியபோது சம்பந்தரைப் பாலறாவாயர் என்றே குறிப்பிடுகின்றார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் 1256 பாடல்கள் சம்பந்தர் வரலாற்றுக்கே உரியன. ‘பிள்ளை பாதி, புராணம் பாதி’ என்னும் வழக்கு கணக்கிற்குச் சற்று மிகை, அன்பிற்கு மிகையன்று.

குன்றத்தூர்ச் சேக்கிழான் பாலறாவாயன் களப்பாளராயன் என்று ஒருவர் பிற்காலச் சோழர் கல்வெட்டிலும் காணப்படுகின்றார். ஆகவே இது ஒருவரோடு ஒழியாமல் அக்குடியில் வழங்கிய பெயர் எனக் கொள்ளலாம். உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம், தமையனார் துறவு பூண்டபின் அநபாய சோழன் தம்பியாருக்குத் தொண்டைமான் என்னும் பட்டம் அளித்த செய்தியைக் கூறும்.

குன்றத்தூரில் சேக்கிழார் எழுப்பிய திருநாகேசுவரம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. சேக்கிழார் குருபூசை வைகாசிப் பூசத்தன்று நிகழும்.