தரவுத்தளம் கேட்கும் இரண்டாவது கேள்வி

எக்ஸாம்ப் நிறுவிய மடிக்கணினியில் யூசர் பெயர் ‘ரூட்’, பாஸ்வேர்டு எதுவும் இல்லை, முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’. இவற்றை வைத்து எழுதிய பிஎச்பி தளம் அங்கே பிசகில்லாமல் ஓடும். அதை ஷேர்டு ஹோஸ்டிங்கிலோ விபிஎஸ்ஸிலோ ஏற்றிய அன்றுதான் மைஎஸ்க்யூஎல் கதவைச் சாத்துகிறது. பதற்றத்தில் தேடினால் கைவைத்தியம் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றில் பல, யாரோ ஒருவருடைய சர்வரில் எப்போதோ பலித்தவை. சில, நம் சர்வரில் ஆபத்தானவை. அப்படி வேரூன்றிப்போன நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

“அனுமதி மறுப்பு என்று வந்தால் பாஸ்வேர்டு தப்பு.”

இதை நம்பித்தான் பலர் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி ஒரு மாலையை வீணாக்குகிறார்கள். மைஎஸ்க்யூஎல் ‘நீ யார்?’ என்று மட்டும் கேட்பதில்லை, ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்றும் சேர்த்தே கேட்கிறது. அதன் கணக்கில் ஒரு பயனர் என்பது பெயரும் இடமும் சேர்ந்தது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் ‘கடை’யும் வேறொரு கணினியிலிருந்து வரும் ‘கடை’யும் அதற்கு இரண்டு வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். பாஸ்வேர்டு தனி, உரிமைகளும் தனி.

விடை பெரும்பாலும் பிழைச்செய்தியிலேயே இருக்கிறது. 1045 என்ற எண்ணோடு வரும் வரியில் பயனர் பெயருக்குப் பின் எந்த இடத்திலிருந்து இணைய முயன்றார் என்பதும் இருக்கும். கடைசியில் பாஸ்வேர்டு அனுப்பப்பட்டதா என்பதற்கு ‘யெஸ்’ அல்லது ‘நோ’ இருக்கும். ‘நோ’ என்றால் உங்கள் நிரல் பாஸ்வேர்டையே அனுப்பவில்லை. அமைப்புக் கோப்பு வாசிக்கப்படவில்லையா என்று முதலில் பாருங்கள். எண் 1044 என்றால் பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது, அந்தத் தரவுத்தளத்தைத் தொடத்தான் உரிமை இல்லை. சிபேனலில் தரவுத்தளத்தை உருவாக்கி, பயனரையும் உருவாக்கிவிட்டு, அவரை அதில் சேர்க்க மறந்தவர்களுக்கு வருவது இதுதான். இன்னொன்று: சிபேனல் வழக்கமாக உங்கள் கணக்குப் பெயரை இரண்டுக்கும் முன்னொட்டாகச் சேர்த்துவிடும். நிரலில் முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

“லோக்கல்ஹோஸ்டும் 127.0.0.1-உம் ஒன்றுதான்.”

விண்டோஸில் பழகியவர்களுக்கு இது உண்மை போலவே தெரியும். லினக்ஸ் சர்வரில் அப்படி இல்லை. அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் மைஎஸ்க்யூஎல் இணைப்பு நிரல் நெட்வொர்க் பக்கமே போகாது. சாக்கெட் என்ற கோப்பு வழியாகப் பேசும். போர்ட் எண்ணை மாற்றி எழுதினாலும் அதைக் கண்டுகொள்ளாது. 127.0.0.1 என்று எழுதினால்தான் 3306 போர்ட் வழியாகப் போகும். 2002 என்ற எண்ணோடு ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று வந்தால், சாக்கெட் இருக்கும் இடமும் பிஎச்பி தேடும் இடமும் வேறு என்பது ஒரு காரணம். உபுண்டுவில் அது ஓரிடம், ரெட்ஹாட் குடும்பத்தில் வேறிடம். தரவுத்தளம் ஓடவே இல்லை என்பது இன்னொரு காரணம்.

சில ஹோஸ்டிங்குகளில் தரவுத்தளம் இருப்பதே வேறு கணினியில். அங்கே இரண்டும் பலிக்காது; கட்டுப்பாட்டுப் பலகையில் தந்திருக்கும் ஹோஸ்ட் பெயரைத்தான் எழுத வேண்டும். டாக்கரிலும் இதே கதை. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி லோக்கல்ஹோஸ்ட் உண்டு என்பதால், தரவுத்தளம் ஓடும் சர்வீஸின் பெயரே முகவரி.

“எங்கிருந்தும் வரலாம் என்று திறந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.”

இருப்பதிலேயே எனக்கு அதிகக் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். உபுண்டுவில் நிறுவிய மைஎஸ்க்யூஎல் இயல்பாக 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கும். அதை 0.0.0.0 ஆக்கு, பயனரின் இடத்தில் % குறி போடு என்கிறது பரவலான ஆலோசனை. இணைப்பு உடனே கிடைக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்களுக்கும் கிடைக்கும். 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்துக்குத் திறந்துகிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டு, பிட்காயின் கேட்கும் மிரட்டல் குறிப்பு மட்டும் உள்ளே விடப்பட்டது. அடுத்து மைஎஸ்க்யூஎல் சர்வர்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அதே ஆண்டு வந்த மோங்கோடிபி 3.6 பதிப்பு, நாமாக மாற்றாதவரை லோக்கல்ஹோஸ்டில் மட்டும் காத்திருக்கும்படி வெளியானது.

வீட்டிலிருந்து தரவுத்தளத்தைப் பார்க்க எஸ்எஸ்எச் சுரங்கம் போதும். உங்கள் கணினியின் 3307 போர்ட்டை, எஸ்எஸ்எச் வழியாக, சர்வரின் 3306-உடன் இணைத்துக்கொள்ளலாம். வெளியே எதையும் திறக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்எச் தராத ஷேர்டு ஹோஸ்டிங் என்றால், சிபேனலில் வெளியிலிருந்து தரவுத்தளத்தை அணுக அனுமதிக்கும் பகுதியில் உங்கள் ஐபி ஒன்றை மட்டும் சேருங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

காவலைத் தளர்த்தச் சொல்லும் ஆலோசனை இன்னொன்றும் உண்டு. ரெட்ஹாட் குடும்ப விபிஎஸ்ஸில் எல்லாம் சரியாக இருந்தும், வேறு கணினியிலுள்ள தரவுத்தளத்துடன் அப்பாச்சி இணைய முடியாமல் போவதுண்டு. தடுப்பது எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு. ‘அதை அணைத்துவிடு’ என்பார்கள். வேண்டாம். வெப் சர்வர் தரவுத்தளத்துடன் நெட்வொர்க்கில் பேச அனுமதிக்கும் சுவிட்ச் அதிலேயே தனியாக இருக்கிறது.

“இணைப்புகள் அதிகம் என்று வந்தால் வரம்பை உயர்த்து.”

மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான வரம்பு 151. அதை 1000 ஆக்கினால் செய்தி மறையலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் நினைவகத்தைத் தின்னும். 1 ஜிபி விபிஎஸ்ஸில் நினைவகம் தீர்ந்து லினக்ஸே மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடக்கூடும். இண்டெக்ஸ் இல்லாத அட்டவணையில் ஓடும் மெதுவான வினவல்கள், இணைப்புகளை நெடுநேரம் பிடித்துவைப்பதுதான் அடிக்கடி காணும் காரணம். ‘பெர்சிஸ்டன்ட்’ இணைப்பு வேகம் தரும் என்று சேர்ப்பவர்கள் ஒன்றைக் கணக்கிட வேண்டும்: ஒவ்வொரு பிஎச்பி வொர்க்கரும் ஓர் இணைப்பைக் கையில் வைத்திருக்கும், சும்மா இருக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் இயல்பாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் வரை துண்டிக்காது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு பயனருக்கு இத்தனைதான் என்று தனி வரம்பும் இருக்கும். அதை நாம் மாற்ற முடியாது.

“தமிழ் கேள்விக்குறியாக வந்தால் சர்வருக்குத் தமிழ் தெரியாது.”

சர்வருக்குத் தெரியும். அநேகமாக இணைப்பு தன் குறியாக்கத்தைத் தவறாகச் சொல்லியிருக்கிறது. யூனிகோடில் 0பி80-இல் தொடங்கும் தொகுதியிலுள்ள தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை இயல்பான குறியாக்கம் லத்தீன்1. 2018-இல் வந்த 8.0-இல்தான் யூடிஎஃப்8எம்பி4 இயல்பானது. எம்பி4 ஏன் தேவை? பழைய ‘யூடிஎஃப்8’ 3 பைட்டோடு நின்றுவிடும். தமிழ் எழுத்து அதில் அடங்கும், எமோஜி அடங்காது. 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த பழந்தமிழ் பின்னக் குறிகளும் அடங்காது.

அட்டவணையை மாற்றினால் மட்டும் போதாது. பிஎச்பியின் பிடிஓவில் இணைப்பு வரியிலேயே குறியாக்கத்தைச் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல்ஐயில் அதற்கென உள்ள செயற்கூறை அழைக்க வேண்டும். சரியாகச் சேமித்த தமிழை லத்தீன்1 இணைப்பு வழியாகப் படித்தாலும் கேள்விக்குறிதான் வரும், ஆனால் தரவு பத்திரமாக இருக்கும். எழுதும்போதே கேள்விக்குறியாகியிருந்தால் எழுத்து போனது போனதுதான். காப்புப் பிரதிதான் கதி.

எது நேர்ந்தது என்று அறிய, ‘தமிழ்’ என்ற சொல் இருக்கும் ஒரு புலத்தின் நீளத்தை மைஎஸ்க்யூஎல்லிடம் பைட்டிலும் எழுத்துக்குறியிலும் கேளுங்கள். 15 பைட், 5 குறி என்றால் சேமிப்பு சரி, இணைப்பைத் திருத்துங்கள். 5 பைட், 5 குறி என்றால் உள்ளே இருப்பது வெறும் கேள்விக்குறிகள். குறிகளே 15 என்று வந்தால் தரவு லத்தீன்1 இணைப்பு வழியாக ஏறியிருக்கிறது. தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரியும், பிஎச்பிமைஅட்மினில் குப்பையாகத் தெரியும். பெரும்பாலும் இதை மீட்கலாம். கை வைப்பதற்கு முன் முழுத் தரவுத்தளத்தையும் ஒரு பிரதி எடுத்துவைத்துவிடுங்கள்.