தீவுக் கடற்கரையில் இரண்டு நாள்



ஓய்வு வேறு, சோம்பல் வேறு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் கிடப்பது சோம்பல். செய்து முடித்தபின் உடலையும் உள்ளத்தையும் புதுப்பித்துக்கொள்வது ஓய்வு. சோம்பலுக்குத் திட்டம் வேண்டுவதில்லை. ஓய்வுக்கோ திட்டம் இன்றியமையாதது.

தேர்வு முடியும் நாளில் நம் அறைகளில் எழும் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் கிரேக்கத் தீவுகளைப் பற்றிப் பேசுவார். மற்றொருவர் மால்ட்டா என்பார், சிசிலி என்பார். மத்தியதரைக் கடலின் நீலமும் வெண்மணலும் கைப்பேசியில் வலம்வரும். பிறகு பணப்பையின் நினைவு வரும், பேச்சு அடங்கும். அவரவர் போர்வையை இழுத்துக்கொண்டு உறங்கிவிடுவர். இவ்வளவோடு முடிந்துபோகும் ஆசைக்கு ஒரு வழி காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இடம்

காக்கநாட்டில் தங்கிப் பயிலும் நமக்குத் தீவு தொலைவில் இல்லை. கொச்சிக் கழிமுகத்திற்கு வடக்கே, ஒருபுறம் அரபிக் கடலும் மறுபுறம் காயலுமாக நீண்டு கிடக்கிறது வைப்பின் தீவு. அதன் வடபகுதியில் உள்ளது செறாயிக் கடற்கரை. கடலுக்கும் காயலுக்கும் இடையே நிலம் அங்கே மிகவும் ஒடுங்கியிருக்கிறது. அலையில் நனைந்த காலோடு சிறிது நடந்தால் அசையாத நீரின் கரையை அடைந்துவிடலாம்.

வைப்பு என்னும் சொல்லின் பொருள் தமிழராகிய நமக்கு உடனே விளங்கும். கடலும் ஆறும் கொண்டுவந்து வைத்த மண் அது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்ததென்றும், அப்போதுதான் இத்தீவு உருவாயிற்று என்றும் மரபு கூறுகிறது. அந்த ஆண்டை முதலாகக் கொண்டு எண்ணப்பட்ட புதுவைப்பு ஆண்டுமுறையும் இங்கே வழங்கி வந்தது.

மத்தியதரைக் கடலுக்கு நாம் போக இயலாவிட்டால் என்ன? அக்கடலின் மக்கள் ஒரு காலத்தில் இங்கே வந்தார்கள். யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற முசிறித் துறையை அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறது. செறாயிக்குச் சில கல் தொலைவில், வடக்கன் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் அகழ்வாய்வு நடைபெற்றது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பிய சாடிகளின் உடைசல்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. அதுவே பழைய முசிறி என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

காலம்

பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது போவது என்பது. இதனை அந்த யவனரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். உரோமானிய அறிஞர் பிளினி, செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாட் பயணம் என்று எழுதினார். தென்மேற்குக் காற்றைப் பற்றிக்கொண்டு வந்து, மார்கழி, தை மாதங்களில் எதிர்க்காற்றைப் பிடித்துத் திரும்பினார்கள். காற்றைப் பகைத்துக்கொண்டு அவர்கள் கலத்தைச் செலுத்தவில்லை.

இங்கே நம்மவர் ஓர் உண்மையைக் கருத வேண்டும். சென்னையிலும் நாகையிலும் வளர்ந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையே கடல் சீறும் காலம். கேரளக் கரையில் நிலை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே கரையை மோதுகிறது. ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் கடலாடிய பழக்கத்தை இங்கே கொண்டுவரலாகாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே செறாயிக்கு உகந்த காலம் என்பது என் கருத்து. மழை இராது, வெயிலும் கொடுமை செய்யாது. கீழைக் கரையில் ஞாயிறு கடலில் எழுவதைக் கண்டவர்கள், இங்கே அது கடலில் இறங்குவதைக் கண்டு மகிழலாம்.

வழி

விரைந்து செல்வது ஓய்வுப் பயணத்தின் நோக்கமன்று. ஆதலால் நீர்வழியை விரும்பிக் கொள்க. 2023 ஏப்ரலில் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கியபோதே காக்கநாட்டிலிருந்து வைற்றிலைக்கும், உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கும் படகுகள் விடப்பட்டன. அப்போது கட்டணம் 20 ரூபாய் முதல் 40 ரூபாய் வரை இருந்தது. வைற்றிலையிலிருந்து மெட்ரோ இரயிலிலோ பேருந்திலோ நகருக்குள் சென்று, உயர்நீதிமன்றத் துறையில் மறுபடியும் படகேறலாம். வைப்பின் துறையில் இறங்கியதும் செறாயி வழியே செல்லும் பேருந்துகள் கிடைக்கும். படகு நேரத்தை முந்திய நாளே கேட்டறிந்துகொள்வது நன்று.

2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை தீவு மக்களுக்கு எறணாகுளம் செல்லப் படகே துணை. நோயுற்றவரும் பள்ளிப் பிள்ளையும் படகுக்காகக் காத்து நின்ற ஊர் அது. நமக்கு இன்பமாகத் தோன்றும் படகுப் பயணம் அவர்களுக்கு நெடுங்காலம் இடையூறாக இருந்தது. இதனை எண்ணிக்கொண்டே படகேறுவோம்.

செலவு

குழுவாகச் செல்லும் பயணங்கள் பெரும்பாலும் கெடுவது பணத்தால். பணம் இல்லாதவன் "எனக்குப் பணமில்லை" என்று சொல்வதில்லை. "எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்கிறான். நாமும் அதை நம்பிவிட்டுப் போய்விடுகிறோம். இது நட்பாகாது.

நான் பரிந்துரைக்கும் முறை எளியது. குழுவில் மிகக் குறைவாகச் செலவிடக் கூடியவர் யார் என்பதை ஒருவர் மட்டும் தனித்தனியே கேட்டு அறிய வேண்டும். அந்த அளவையே அனைவர்க்கும் அளவாக வைக்க வேண்டும். ஒரே பொதுப்பை, ஒருவர் கையில் கணக்கு, எல்லோருக்கும் ஒரே உணவு. படகு, பேருந்து, தங்கல், சோறு ஆகிய நான்கும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டு நாளை ஒரு நாளாக்குக, ஆளைக் குறைக்காதீர்.

ஒரே உணவு என்று நான் வலியுறுத்துவதற்குச் செறாயியே காரணம். 1889இல் அவ்வூரில் பிறந்த சகோதரன் ஐயப்பன், பட்டம் பெற்று ஊர் திரும்பிய இளைஞராக, 1917 மே 29ஆம் நாள் அங்கே ஒரு கலப்பு விருந்து நடத்தினார். ஈழவரும் புலையரும் ஒன்றாக அமர்ந்து உண்டனர். சாதிக் கட்டில் ஊறியவர்கள் சினந்து அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று இகழ்ந்தனர். அவர் அதனைப் பெருமைப் பெயராக ஏற்றுக்கொண்டார். நம்மைப்போல் கல்லூரி வாசம் மாறாத வயதினர் செய்த செயல் அது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் பணத்தால் பந்தி பிரித்து உண்ணலாமா?

கடல்

இப்பகுதியைச் சற்று நின்று படிக்குமாறு வேண்டுகிறேன். "ஆழமறியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. கடலிலோ ஆழத்தைவிட ஓட்டமே கொடியது. அலைகள் கரையில் குவிக்கும் நீர் திரும்பிச் செல்ல வழி தேடும். நீருக்கடியில் உள்ள மணல்மேட்டில் இடைவெளி இருந்தால், அதன் வழியே விரைந்து கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. நுரை குறைவாக இருக்கும். நீர் சற்றுக் கலங்கித் தோன்றும். அறியாதவர் அதனை அமைதியான இடம் என்று எண்ணி இறங்குவர். அங்கேதான் இடர்.

இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. வலிமை விரைவில் தீர்ந்துவிடும். அந்த ஓட்டம் யாரையும் அடியில் இழுத்து அமிழ்த்துவதில்லை, வெளியேதான் கொண்டுசெல்கிறது. ஆதலின் பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைக் கடந்தபின் கரை திரும்பலாம். கரையில் இருப்பவர் தாமும் குதிக்காமல், மிதக்கும் பொருளையோ கயிற்றையோ எறிந்து, கடற்கரைக் காவலரை அழைக்க வேண்டும். காவலர் இல்லாத இடத்திலும், இருட்டிலும், மது அருந்தியும் கடலில் இறங்குவதில்லை என்று புறப்படும் முன்பே எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்க. ஒரு விடுமுறைக்காக எந்தத் தாயும் பிள்ளையை இழக்க வேண்டாம்.

நாளின் அளவு

ஒரு நாளுக்கு ஒரு காட்சி போதும். முதல் நாள் கடலும் மாலை ஞாயிறும். மறுநாள் விடியலில் காயலோர நடை. அங்கே பொக்காளி வயல்களைக் காணலாம். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல். அறுவடைக்குப்பின், நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதே வயலில் இறால். உரம் இடாமலே நெல்லையும் இறாலையும் மாறிமாறி விளைவிக்கும் அறிவு அது. விருப்பமுள்ளவர் 1503இல் போர்த்துக்கீசியர் கட்டிய பள்ளிப்புறம் அறுகோணக் கோட்டையையும் பார்க்கலாம். விரும்பாதவர் தென்னை நிழலில் படுத்துறங்கட்டும், அவரை எழுப்பாதீர்.

மீனவர் வலை உலர்த்தும் இடம் அவர்தம் தொழிற்சாலை. அதை மிதிக்காமல் சுற்றிச் செல்க. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவின் எடவனக்காட்டில் உயிர்களைப் பறித்தது. நமக்கு இரு நாள் விருந்தாகும் கடல், அம்மக்களுக்கு ஆண்டு முழுவதும் வாழ்வும் அச்சமுமாகும்.

இடம், காலம், வழி, செலவு, கடல், நாள் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதுங்கள். எவரும் விடுபடாதவாறு பெயர்களையும் எழுதுங்கள். பிறகு நூல்களை மூடிவைத்துப் புறப்படுங்கள். புதுத் தெளிவோடு திரும்பி வந்து அவற்றைத் திறக்கலாம்.