தானே படிந்ததா?

சிறிது சிறிதாக மிகுந்து வருவதைச் சொல்லத் தமிழில் சொற்கள் பல உண்டு. சேர்தல், குவிதல், பெருகுதல், தேங்குதல், படிதல், தூர்தல் என்று அவை நீளும். இவற்றின் வேற்றுமையை அறிந்தால், நம் அமல்களைப் பற்றியும் ஒன்றை அறிந்துகொள்வோம்.

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்கள் நிறைந்தது. திருக்கோகர்ணத்தார் நன்கறிந்த கவிநாட்டுக் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்தால் அதில் நீர் 'பெருகும்', பெருகியது 'தேங்கும்'. இது கண்ணுக்குத் தெரியும். அந்நீரோடு வந்த வண்டலோ அடியில் 'படியும்'. இது கண்ணுக்குத் தெரியாது. கரை அதே உயரத்தில்தான் நிற்கும். ஆனால் ஆண்டுக்காண்டு கொள்ளும் நீர் குறையும். கவனியாது விட்டால் எந்தக் கண்மாயும் 'தூர்ந்து' போகும். அதனால்தான் தூர் வாருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணத்தைச் 'சேர்க்கிறோம்' என்கிறோம்; நெல்லைக் 'குவிக்கிறோம்' என்கிறோம். செய்கிறவர் நாம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் வண்டல் 'படிந்தது', இரும்பில் துரு 'ஏறியது', செம்பில் களிம்பு 'பிடித்தது' என்னும்போது செய்தவர் எவருமில்லை. தானே வந்ததுபோல் தோன்றுகிறது. உள்ளத்தில் படியும் பாவத்தையும் நாம் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம்.

திருக்குர்ஆன் அவ்வாறு விடவில்லை. 83-வது அத்தியாயத்தின் 14-வது வசனத்தில், உள்ளங்களின் மீது கறை படிவதைக் குறிக்க 'ரான' என்னும் சொல் வருகிறது. துருப்போல் மூடிக்கொள்வது என்று அதற்குப் பொருள் கூறுவர். அவ்வாறு மூடியது எது? அவர்கள் சம்பாதித்து வந்ததே என்று அவ்வசனம் உணர்த்துகிறது. ஆக, அது தானே வந்ததன்று, நாம் தேடிக்கொண்டது. பாவம் ஒன்று உள்ளத்தில் ஒரு கரும்புள்ளியாக விழுகிறது, தவ்பாச் செய்தால் துலங்குகிறது, மீண்டும் மீண்டும் செய்தால் உள்ளம் முழுவதும் பரவுகிறது என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாகத் திர்மிதீயில் ஹதீஸ் வந்துள்ளது.

நம் இல்லங்களில் படிவது என்ன? நாளொன்றுக்கு ஒரு சுப்ஹு தவறினால், பிறைக் கணக்கில் ஓராண்டுக்கு 354 தொழுகை. பத்தாண்டில் 3,540! "களா கொஞ்சம் இருக்கிறது" என்று நாம் சொல்லும் 'கொஞ்சம்' இதுதான். மலைக்க வேண்டாம். ஒவ்வொரு பர்லுத் தொழுகையுடனும் ஒரு களாவைத் தொழுதுவந்தால் நாளுக்கு ஐந்து தீரும். 708 நாளில், ஏறத்தாழ இரண்டே பிறை ஆண்டில், முழுவதும் நிறைவேறிவிடும். பத்தாண்டில் படிந்த தூரை இரண்டாண்டில் வாரிவிடலாம்.

செல்வமும் அப்படியே. நிஸாப் அளவை எட்டிய பணம் ஓராண்டு நம்மிடம் தங்கினால் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமையாகிறது. கொடாமல் விட்டால் அது நம் சேமிப்பன்று. ஏழையின் பங்கு நம் பெட்டியில் தேங்கிக் கிடக்கிறது. சேர்த்துச் சேர்த்து எண்ணிப் பார்ப்பவனை 'ஹுமஸா' அத்தியாயம் கண்டிக்கிறது. 'ஜகாத்' என்ற சொல்லுக்கோ தூய்மை என்றும் வளர்ச்சி என்றும் இரு பொருள் உண்டு. தூர் வாரிய கண்மாய் முன்னிலும் அதிக நீரைக் கொள்வதல்லவா?

நன்மையும் சிறுகச் சிறுகத்தான் சேரும். குறைவாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்ற பொருளில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உள்ளது.

ஆகவே இன்று இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து, ஒரு நோட்டில் இரண்டு கலம் போடுங்கள். ஒன்றில் நாம் 'சேர்ப்பது', மற்றதில் நம்மீது 'படிவது'. களாவையும் ஜகாத் நிலுவையையும் மறவாமல் எழுதுங்கள். எழுதியதை நாளையே குறைக்கத் தொடங்குங்கள். வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.