சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: தூரமும் நேரமும் கணிக்கும் விதம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறி, இடையில் எங்கும் இறங்காமல், நியூயார்க் நகரத்துக் கென்னடி விமான நிலையத்தை அடையும் பிரயாணம் உலகத்தின் மிக நெடிய ஆகாயப் பிரயாணங்களுள் ஒன்று. இதன் தூரத்தையும் காலத்தையும் கணிக்கக் கற்றவர், வேறெந்த இரண்டு நிலையங்களுக்கும் அம்முறையையே கையாளலாம்.

முதற்காரியம், சுவரில் தொங்கும் உலகப் படத்தை மறந்துவிடுவது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த அப்படத்தில், அடிகோலை வைத்து இழுத்த நேர்கோடு குறுக்குவழி ஆகாது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் நூலின் ஒரு நுனியைச் சிங்கப்பூரிலும் மறுநுனியை நியூயார்க்கிலும் வைத்து விறைப்பாகப் பிடித்தால், அது சீனம், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, துருவத்தை ஒட்டிக் கடந்து, கனடாவின் மேல் இறங்குவது பிரத்தியட்சமாகத் தெரியும். உருண்டையின் விட்டம் 30 செ.மீ. ஆனால் அதன் சுற்றளவு 94 செ.மீ.; நூலோ சுமார் 36 செ.மீ. இருக்கும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆதலால், 36ஐ 94ஆல் வகுத்து 40,000ஆல் பெருக்க, 15,300 கி.மீ.க்குச் சற்று மேல் கிடைக்கிறது.

நூலை நம்பாதவர்களுக்குக் கணிதம் இருக்கிறது. இவ்விரு நிலையங்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய நேரெதிரானவை என்பது நமது அதிர்ஷ்டம். சாங்கியிலிருந்து வடதுருவம் சுமார் 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4 பாகை, ஆக 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280 கடல் மைல், 1.852ஆல் பெருக்கினால் 15,335 கி.மீ. மற்ற ஊர்களுக்கு இச்சுலபம் வாய்க்காது. அவற்றுக்கு நூலே போதும்.

காலத்தைக் கணிப்பதில்தான் சிரமம். மணிக்கு 900 கி.மீ. வேகமென்று வகுத்தால் 17 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரைமணி சேர்க்கலாம். ஆயினும் விமானம் நூல் காட்டிய வழியிலேயே செல்ல வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்றைத் துணைகொள்வதற்காகப் பசிபிக் கடலின் மேல் சுற்றிச் செல்வதும் உண்டு. அப்போது தூரம் மிகுந்தும் காலம் குறைவாகலாம். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரத்தையும் கூட்டியே கால அட்டவணையில் 18 மணிக்கு மேல் போடுகிறார்கள். நமது கணக்கு சரியா என்று பார்ப்பதற்கு அன்றி, பிரயாணத்தைத் திட்டமிடுவதற்கு அட்டவணை நேரத்தையே கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இறுதியாகக் கடிகாரம். நியூயார்க் கோடையில் 12 மணியும் குளிர்காலத்தில் 13 மணியும் சிங்கப்பூருக்குப் பின்தங்கியது. கோடையில் சிங்கப்பூரை விட்டு நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு, பதினெட்டரை மணி நேரம் பறந்தவர், அதே தேதியின் காலை 6.30க்கு நியூயார்க்கில் இறங்குவார். திரும்புகையில், திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு அங்கே ஏறியவர் சிங்கப்பூரில் கால் வைப்பது புதன்கிழமை விடியற்காலை 4.30க்கு, செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆகாயத்திலேயே கரைந்துவிடும். ஆதலால், செவ்வாயன்று சுபகாரியம் எதற்கும் வருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.